மூன்றுக்கும் ஒரே டெஸ்ட்

டெலிவரி ஆப்பில் வாடிக்கையாளர், ஓட்டுநர், கடை என்ற மூன்று மாடல்களுக்கும், அதாவது நிரல் பகுதிகளுக்கும், தப்பு இருந்தால் காட்டிக்கொடுக்க ரூபி மொழியில் ஒரே டெஸ்ட்டை எழுதி மாட்டியிருந்தான் அந்தப் புரோகிராமர். மூன்றும் பாஸ். ஆனாலும் காலையிலிருந்து ஆப் படுத்துக் கிடந்தது.

"சாயங்காலத்துக்குள்ள எழுப்பலைன்னா நம்ம ரெண்டு பேர் வேலையும் போச்சுடா!" மேனேஜர் அழாத குறை.

புரோகிராமருக்கு மனைவியிடமிருந்து போன்.

"சரிம்மா" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். மறுபடியும் போன். "சரிம்மா." மூன்றாவது முறையும் அதேதான்.

திடீரெனக் கத்தினான். "சார், இந்த டெஸ்ட் எந்த மாடலையும் பார்க்கவே இல்ல. எதைக் கொடுத்தாலும் சரின்னு சொல்லியிருக்கு!"

டெஸ்ட்டைத் திருத்தினான், ஓட்டுநர் மாடலில் தப்பு சிக்கியது. ஆப் எழுந்தது.

வீட்டுக்கு ஓடினான். கதவு பூட்டியிருந்தது. போன் போட்டான்.

"எங்க போயிட்ட?"

"பாப்பாவுக்கு ஜுரம்னேன், சரிம்மான்னீங்க. பயமா இருக்கு, வாங்கன்னேன், சரிம்மான்னீங்க. பிரிஞ்சிடலாமான்னு கேட்டேன். அதுக்கும் சரிம்மான்னுட்டீங்க."