சுக்ராமின் இலை

"அந்த இந்திக்காரனை யாரு முதல் பந்தியில குந்த வெச்சது?"

மாப்பிள்ளையின் அத்தை சசிகலா கேட்ட கேள்வியில், சாம்பார் வாளியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பாலக்கோடு கல்யாண மண்டபம். முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. காலை டிபன் ஓடிக்கொண்டிருந்தது. வரிசையின் நடுவில், இடுப்பில் நிற்காத புது வேட்டிக்கு மேல் பெல்ட் கட்டிக்கொண்டு, சுக்ராம் கேசரியை முடித்துவிட்டு வடைக்குக் காத்திருந்தான்.

"நான்தாங்க குந்த வெச்சேன்," என்றார் பெண்ணின் அப்பா வீரமணி. "நம்ம தக்காளித் தோட்டத்துல வேலை செய்யற பையன். ஊரு ஜார்க்கண்ட். நாலு வருஷமா நம்மகூடத்தான் இருக்கான்."

"இருக்கட்டும். டிபியாமே அவனுக்கு? நர்சம்மா வண்டியெடுத்துக்கிட்டு உங்க மோட்டார் ரூமுக்கு மாத்திரை கொண்டாந்ததை ஊரே பாத்திருக்கு. இல்லைன்னு சொல்லுவீங்களா?"

இல்லை என்று சொல்ல முடியாது. மோட்டார் ரூமில் தங்கியிருப்பவன் சுக்ராம் ஒருவன்தான். அங்கே நர்ஸ் போனால் வேறு யாருக்காகப் போவார்? டீக்கடையில் அவனுக்கு மட்டும் பேப்பர் கப் வந்தது. சலூனில் 'நாளைக்கு வா' என்றார்கள். மறுநாளும் அதையேதான் சொன்னார்கள். முடி கழுத்துக்கு இறங்கியதும் சுக்ராம் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொண்டான். "ஸ்டைல் அண்ணா" என்று சிரித்தான். இன்றைக்கும் அதே குடுமிதான்.

எதிர்ப் பந்தியிலிருந்து நர்ஸ் லூர்து மேரி குரல் கொடுத்தார். "கோர்ஸ் முடிஞ்சு டெஸ்டும் நல்லா வந்தாச்சுங்க. இனிமே யாருக்கும் ஒட்டாது. வேணும்னா நானே பக்கத்துல குந்தி சாப்பிடறேன்."

"உங்களுக்கு அது வேலை சிஸ்டர். எங்களுக்கு இது கல்யாணம்." சசிகலா திரும்பினாள். "அண்ணா, நீ என்ன வாயே தொறக்கல? அவன் எந்திரிச்சாத்தான் நாங்க குந்துவோம். இல்லைன்னா வந்த வேன் வாசல்லதான் நிக்குது."

அண்ணன் முனிராஜ்தான் மாப்பிள்ளையின் அப்பா. அவர் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார்.

சுக்ராம் இலையை மூடிவிட்டு எழுந்தான். "நான் அப்புறம் சாப்பிடறேன் அண்ணா. வடை மட்டும் ரெண்டு எடுத்து வைங்க."

வீரமணி மணமகள் அறைப் பக்கம் பார்த்தார். கதவோரம் அலங்காரத்தோடு மகள் நின்றிருந்தாள். அவள் சரியென்று தலையை லேசாக ஆட்டினாள்.

அவர் சுக்ராமின் தோளை அழுத்தி உட்கார வைத்தார். மூடிய இலையைத் தன் கையாலேயே திறந்துவிட்டார்.

"டிபி இவனுக்கு இல்லைங்க. எனக்குத்தான் இருந்துச்சு."

சாம்பார் வாளி தரைக்கு இறங்கியது.

"நர்சம்மா வூட்டுக்கு வந்தா, பொண்ணு கேட்டு ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு நான்தான் மோட்டார் ரூமுக்கு வரச் சொன்னேன். ஊரு இவனைச் சொல்லிச்சு. உண்மையச் சொல்லிடறேன்டான்னேன். 'விடுங்க அண்ணா, எனக்கு இந்த ஊர்ல யாரு பொண்ணு குடுக்கப் போறாங்க'ன்னுட்டான். மாத்திரை போட்டா குமட்டும். இன்னிக்கு வேணாம்னு அங்கயே போத்திக்கிட்டுப் படுத்துக்குவேன். அவிச்ச முட்டையும் கையுமா தலமாட்டுல நிப்பான். நான் முழுங்கற வரைக்கும் நகரமாட்டான். இவன் எந்திரிக்கணும்னா நானும் எந்திரிக்கணுங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

லூர்து மேரி தலையைக் குனிந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு.

முனிராஜ் மெதுவாக நடந்து வந்தார். சசிகலா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

வந்த முனிராஜ், சுக்ராமுக்குப் பக்கத்துச் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இங்க ஒரு இலை போடுப்பா. இந்தப் பையனுக்கு வடை வை, எவ்வளவு நேரமா பாத்துக்கிட்டிருக்கான். சசி, பையக் கழட்டிட்டு வந்து குந்து."

"அண்ணா?"

"பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போனப்ப எனக்கும் இதேதான். தகர ஷெட்டுல தனியாக் கெடந்தேன். முட்டையோட நிக்க ஆளில்ல. மாத்திரையப் பாதியில விட்டுட்டு, மறுபடியும் மொதல்லேருந்து தின்னு முடிச்சேன்." அவர் வீரமணி பக்கம் திரும்பினார். "இது தெரிஞ்சா நீங்க பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு, நிச்சயம் பண்ணின நாள்லேருந்து எனக்குத் தூக்கமே இல்லைங்க சம்பந்தி."