பெஞ்சில் குணசீலி

எங்கள் ஊர்க் கூடைப்பந்துக் கழகத்தின் எல்லாக் காலத்துச் சிறந்த ஆட்டக்காரர்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஜெரால்டு ஒரு லீக் நடத்தினான். செத்துப்போனவர்கள்கூட அதில் ஓடினார்கள். ஒரு காலத்தில் பெண்கள் அணிக்கு கேப்டனாக இருந்த குணசீலி மட்டும் ஒவ்வொரு மேட்சிலும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். நிஜ குணசீலி அதைச் செல்போனில் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் அவனுக்குப் போன் போட்டாள்.

“ஏன்டா, என்னை எறக்கவே மாட்டியா?”

“நான் என்னக்கா பண்றது? பழைய ஸ்கோரை வெச்சு கம்ப்யூட்டர்தான் ஆளை எறக்குது. உங்க மேட்சுக்கெல்லாம் யாரும் ஸ்கோரே எழுதலையே. ஒரு மேட்சுக்கு எத்தனை பாயிண்ட் போடுவீங்க? சும்மா ஒரு நம்பர் சொல்லுங்க, ஏத்திடறேன்.”

அவள் யோசித்துப் பார்த்தாள். எண் எதுவும் வரவில்லை. வலை இல்லாத வளையமும், பந்து உள்ளே போனதா இல்லையா என்று ஆட்டத்துக்கு ஆட்டம் நடந்த சண்டையும்தான் நினைவுக்கு வந்தன. பத்து என்றால் பொய். இருபது என்றாலும் பொய். இரண்டுமே குறைவு என்றும் தோன்றியது.

“அக்கா, லைன்ல இருக்கீங்களா?”

“சும்மா சொல்ற நம்பர் வேணாம்டா.” அவள் கோபமாகச் சொன்னாள். “ஆனா உக்கார வெக்காத. ஓரமா நிக்கவாவது வை.”