சர்வரில் இடமில்லை

அலாரம் அடித்தது. அணைத்தான். பல் தேய்த்தான். சட்டையை இஸ்திரி போட்டான். மனைவி வைத்த தேநீரைக் கைபேசியைப் பார்த்துக்கொண்டே குடித்தான்.

இருவருக்கும் ஒரே கம்பெனி. கைக்கடிகார வியாபாரம். அவன் கிடங்குக்குப் பொறுப்பு. அவள் தலைமை அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறாள். காலையில் அவள் சர்வர் கதை சொல்வாள். அவன் 'ம்' கொட்டுவான்.

"ஒவ்வொரு அப்டேட்டும் பழைய ஃபைலை அப்படியே போட்டுட்டுப் போயிடுது. யாரும் அழிக்கறதில்ல. மாசக்கணக்கா சேர்ந்து, நேத்து டிஸ்க் ஃபுல்."

"ம்."

"மத்தியானத்துல இருந்து உங்க கிடங்கு கேமராவுல எதுவுமே பதிவாகல."

கைபேசி மேசைக்கு இறங்கியது.

"எதுவுமேவா? ஸ்கிரீன்ல படம் தெரிஞ்சுதே?"

"படம் தெரியும். சேமிக்க இடம் வேண்டாமா? என்னங்க, அதிசயமா கேள்வியெல்லாம் கேக்கறீங்க?"

"ஏன், பொண்டாட்டி பேச்சைக் கேக்கக் கூடாதா?"

அவள் சிரித்தாள். அவன் ஹெல்மெட்டை மாட்டினான். அவள் பேசிக்கொண்டே பின்னால் வர, தலையாட்டியபடி படியிறங்கினான்.

முதலாளி தன் மச்சானைக் கொண்டுவந்து அவன் தலைக்கு மேல் உட்காரவைத்த நாளிலிருந்து அவனுக்கு ஒரே யோசனைதான். சொந்தக் கடை. முதல் சரக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. குறுக்கே நின்றது அந்தக் கேமரா மட்டும்தான்.

மதிய இடைவேளை. கிடங்கில் ஈ, காக்கை இல்லை. இருப்பதிலேயே விலை உயர்ந்த கடிகாரங்கள் இரண்டு பெட்டி, பைக்குள் போயின. அவசரமே படவில்லை. கேமராவைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டான். போகும்போது டாட்டாகூடக் காட்டினான்.

மாலையில் முதலாளி கூப்பிட்டார். பெட்டிகள் குறைவதை மச்சான் கண்டுபிடித்திருந்தான். மேசைமேல் இருந்த திரையில் அவன் தலை வாரிக்கொண்டிருந்தான்.

"வகிடு நேராத்தான் இருக்கு" என்றார் முதலாளி. "பை எங்கப்பா?"

அவன் திரையைச் சுட்டிக்காட்டினான்.

"கேமரா ஓடலைன்னு என் பொண்டாட்டிதான் சார் சொன்னா!"

"அடப்பாவி, அந்தப் பொண்ணையும் கோத்துவிடறியா?"

"சத்தியமா சார். காலையில அவ வாயால சொன்னா."

அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் காலையில் அவன் கடைசிப் படியில் இறங்கும்போது, அவன் முதுகைப் பார்த்து அவள் கடைசியாகச் சொன்னது இது:

"ராத்திரியே உக்காந்து அந்தப் பழைய ஃபைலையெல்லாம் அழிச்சுட்டேங்க, இப்ப கேமரா ஜோரா பதிவு பண்ணுது!"