கப்பல் என்னிக்கு?

கணினித் திரையில் ஓர் ஆஸ்பத்திரி. அதில் நர்ஸ் பொம்மையாக நின்றவள் சேருவாயா. கட்டிலில் நோயாளிப் பொம்மையாகப் படுத்திருந்தவள் லித்தியா. நிஜத்தில் சேருவாயா பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் தலைநகர் சுவாவில், லித்தியா கடல் தாண்டித் தவெயுனி தீவில். இருவரும் நர்ஸிங் மாணவிகள். கெட்ட செய்தியை நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அன்றைய பயிற்சி.

"அம்மா, டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்கு. அந்தக் கட்டி... புத்துநோய்தான்," என்றாள் சேருவாயா, குரலைத் தாழ்த்தி.

"அப்படியா? சுவாவுக்குக் கப்பல் என்னிக்கு?"

"என்னடி இது! நீ உடைஞ்சு அழணும், நான் ஆறுதல் சொல்லணும். கப்பலைக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல? மார்க் போயிடும்டி!"

"சரி, திரும்பச் சொல்லு."

சொன்னாள். மறுபடியும் கப்பல்தான்.

சேருவாயாவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. "உனக்கு நடிக்கவே வரல. நிஜத்துல யாராவது இப்படிக் கேப்பாங்களா?"

"நான் கேட்டேனே," என்றாள் லித்தியா அமைதியாக. "போன வாரம் டாக்டர் எனக்குச் சொன்னப்போ, இதைத்தான் கேட்டேன். அவருக்கும் பதில் தெரியல."

திரையில் நர்ஸ் பொம்மை கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்தது.

"செவ்வாய்க்கிழமை," என்றாள் சேருவாயா. "துறைமுகத்துல நான் நிப்பேன்."