சக்கரம் மடங்கும் நேரம்

விமானப் பொறியாளராக இருந்து நாவலாசிரியரான தணிகைவேல் இறந்து ஏழு மாதமாகியும், பதிப்பகத்தின் செயற்கை நுண்ணறிவுக் கருவி அவர் நடையிலேயே, அவர் குரலிலேயே எழுதிக்கொண்டிருந்தது. அவர் விடும் ஒற்றுப்பிழைகளைக்கூட விட்டது. திருத்துவது வழக்கம்போல் மனைவி கோமளவல்லிதான்.

உயிரோடு இருந்தபோது, பிழையைச் சொன்னால் தணிகைவேல் தலையாட்டுவார். கதையில் வரும் விமானத்தில் கைவைத்தால் மட்டும் வீடு இரண்டுபடும். "உனக்கு என்னடி தெரியும்?" என்று அரைமணி நேரம் கத்துவார்.

அந்தச் சண்டைக்காகவே கோமளவல்லி கருவியிடம் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாள்: "விமானம் மேலே எழும்பினப்புறம் எதுக்குச் சக்கரத்தை மடக்கணும்? தரையில ஓடும்போதே மடக்கிடுங்க."

காத்திருந்தாள்.

"நீ சொன்னா சரிதான், கோமு" என்றது அவர் குரல். நாற்பது வருஷத்தில் அவர் ஒருதடவைகூடச் சொல்லாத வார்த்தை.

திரையில் விரிந்த கதையில், இருநூறு பேரோடு ஓடுபாதையில் வேகமெடுத்த விமானம் சக்கரங்களை மடக்கிக்கொண்டது.