பதினேழு பாயிண்ட்

வடவள்ளியில் எழும்பும் புது வீட்டுக்கு நெட் கேபிள் இழுக்க வந்த ரெஜினாவிடம், ஓய்வு பெற்ற தலைமைப் பொறியாளர் குழந்தைவேலு வரைபடத்தை விரித்துப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். மொத்தம் பதினேழு பாயிண்ட். பாயிண்ட் உள்ள இடத்திலெல்லாம் கனடாவிலிருக்கும் மகன் திருமூர்த்தி, பேசும் நேரமெல்லாம் ஒளியுருவில் முழு ஆளாக வந்து நிற்பான். கூடத்தில் நிற்பான், மொட்டைமாடியில் நிற்பான், பூஜையறையில் கைகூப்பி நிற்பான். அந்தத் தெருவில் யார் வீட்டிலும் ஆறுக்கு மேல் இல்லை என்று விசாரித்துவிட்டுத்தான் அவர் பதினேழுக்கு வந்திருந்தார்.

மனைவி வசுமதிக்கு ஒன்றே போதும், சாப்பாட்டு மேசையோரமாக. மகனை எதிரே பார்த்து எட்டு வருஷமாகிறது.

"இங்க ஒண்ணு வெச்சா அங்கயும் ஒண்ணு வேணுங் சார்," என்றாள் ரெஜினா. "கனடாவுல தம்பி வீட்ல எத்தனை வெக்கறாங்க?"

குழந்தைவேலு வரைபடத்தை மடிக்கத் தொடங்கினார். "அவனுக்கு வேலை ஜாஸ்திம்மா. இப்போதைக்கு ஒண்ணு."

"எந்த ரூம்லீங்?"

மடித்த வரைபடத்தை அவர் இன்னொரு மடிப்பு மடித்தார்.

"வாஷிங் மெஷின்கிட்ட, கண்ணு," என்றாள் வசுமதி. "சனிக்கிழமையானா அங்க நின்னுதான் துணி மடிப்பானாம். அந்நேரத்துக்குப் பேசறேன்னான்."

"அப்ப இங்க எங்கீங்மா வெக்கட்டும்?"

"மேசைகிட்டயே வை."

அன்று மாலை, கனடாவுக்கு அனுப்பக் கட்டிவைத்திருந்த பார்சலை வசுமதி பிரித்தாள். முறுக்குப் பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அந்த இடத்தில் நான்கு எட்டு முழ வேட்டிகளை அடுக்கினாள்.

"அவன் எங்கடி வேட்டி கட்றான்?" என்றார் குழந்தைவேலு.

"கட்ட வேண்டாமுங்க. மடிச்சாப் போதும்."