கடைசித் தங்கூசி

கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் ஜெபமணி தூங்குகிறாளா, முழித்திருக்கிறாளா என்று யாருக்கும் தெரியாது. கூடலூரிலிருந்து வந்து கண் ஆபரேஷன் செய்துகொண்டு, போடியில் தம்பி வீட்டு ஹாலில் படுத்திருந்தாள். ஆபரேஷன் ஆனது ஒரு கண்ணில்தான். இன்னொரு கண் நன்றாகவே தெரிந்தது.

அந்தக் கண்ணால்தான் பார்த்தாள். தம்பி பொண்டாட்டி ஷீபா நகவெட்டியோடு சத்தமில்லாமல் வந்தாள். மேசையில் நின்ற குட்டி விமானத்தின் மேல் குனிந்தாள். டிக். அவ்வளவுதான். போய் அரிசி களைய ஆரம்பித்துவிட்டாள்.

அடிப்பாவி என்று ஜெபமணிக்கு வயிறு எரிந்தது.

தம்பி சுந்தர்ராஜ் ஏலக்காய் வியாபாரி. கடையை அடைத்துவிட்டு வந்தால், பெட்டியில் பாகம் பாகமாக வருவதை ஒட்டிச் செய்கிற அந்த விமானமே கதி. அந்தக் காலத்துச் சண்டை விமானம். மேலே ஒன்று, கீழே ஒன்றாக ரெட்டை இறக்கை. மொத்தமே ஒரு முழம்கூட வராது. இரண்டு இறக்கைக்கும் நடுவே குறுக்கும் மறுக்குமாகத் தங்கூசியை இழுத்துக் கட்ட வேண்டும். தூண்டிலில் போடுவோமே, அதே நரம்புதான். இது தலைமுடி கனம். ஒன்று அறுந்தால் போதும், மற்றதெல்லாம் ஒரு பக்கமாக இழுத்து இறக்கை கோணிக்கொள்ளும். பிறகு அத்தனையையும் அவிழ்த்து முதலிலிருந்து கட்ட வேண்டியதுதான்.

சாயங்காலம் சுந்தர்ராஜ் வந்து பார்த்தான். பல்லி விழுந்திருக்கும் என்றாள் ஷீபா. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை மகராசி.

"என்னமோ தெரியலக்கா, கடைசி நரம்புக்கு வரும்போதெல்லாம் எதாச்சும் ஆயிருது. ரெண்டு வருசமா இந்த ஒண்ணுலயே நிக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே ட்வீசரை எடுத்தான். கையிலிருப்பதை முடிக்காமல் அடுத்த விமானத்துக்கு ஆர்டர் போட மாட்டானாம். அது அவன் பிடிவாதம்.

ஜெபமணிக்கு மனசு ஆறவில்லை. குடித்துக் குடித்துத் தெருவில் கிடந்தவன். எந்த ஏலத்தோட்டத்துக்காரனும் நம்பிச் சரக்குக் கொடுக்காத காலம் ஒன்று இருந்தது. அக்காக்காரி முழங்காலில் நின்று ஜெபித்து ஜெபித்து மூட்டே தேய்ந்துபோனது. இன்றைக்கு அவன் மனுசனாகி, வீடு உண்டு, விமானம் உண்டு என்று இருக்கிறான். அது பொறுக்கவில்லையே இவளுக்கு!

மறுநாள் அடுப்படியில் வைத்துக் கேட்டுவிட்டாள்.

"நான் பாத்துட்டேன் ஷீபா. பல்லி கையில நகவெட்டி இருந்துச்சு."

ஷீபாவுக்கு முகம் செத்துவிட்டது. அடுப்பை அணைத்தாள்.

"அவுகட்டச் சொல்லிராதீக மதினி."

"ஏன்டி செஞ்ச?"

ஷீபா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். கடைசியில், அது முடியாமல் இருந்தால்தான் நல்லது என்று மட்டும் முணுமுணுத்தாள்.

இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? புருசன் தன் முகத்தைப் பார்க்காமல் விமானத்தையே பார்க்கிறான் என்ற பொறாமை. ஜெபமணி நாக்கில் நரம்பில்லாமல் கேட்டாள். குடும்பத்துப் பொம்பளை செய்கிற வேலையா இது, வளர்ப்பு அப்படி என்றெல்லாம் அவள் பிறந்த வீடு வரைக்கும் இழுத்தாள். ஷீபா அணைத்த அடுப்பை மறுபடி பற்றவைத்தாள்.

தம்பியிடம் ஜெபமணி காட்டிக்கொடுக்கவில்லை, அந்த மட்டும் பெருந்தன்மை. பல்லிக்குப் பயந்து விமானத்தைக் கண்ணாடி அலமாரிக்குள் வைக்கச் சொன்னாள். பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். தூசி துடைக்கணும் என்று ஷீபா இரண்டு தடவை சாவி கேட்டாள். தூசி இருந்தால் இருக்கட்டும் என்று ஜெபமணி கொடுக்க மறுத்துவிட்டாள். தம்பி நரம்பு கட்டும்போதெல்லாம் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, கோவிலில் ஆராதனை முடிந்து வந்த கையோடு உட்கார்ந்தவன், மத்தியானம் கடைசி நரம்பைக் கட்டி முடித்தான். ஒரு துளி பசை. இறக்கை இம்மி கோணவில்லை. ஜெபமணிக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். ஆளாளுக்கு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

எல்லாரும் போன பிறகு சுந்தர்ராஜ் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல்கள் சும்மா வேட்டி ஓரத்தை உருட்டிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் சட்டையை மாட்டினான்.

"எங்க போறீக? நானும் வாரேன்" என்று ஷீபா வாசல் வரைக்கும் ஓடினாள்.

"புருசன் காலாற நடக்கக்கூட உன்கிட்ட கேக்கணுமா?" என்று ஜெபமணிதான் அதட்டி உள்ளே வரவைத்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆட்டோக்காரன் சின்னக்கருப்பு அவனைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்து ஹாலில் கிடத்தினான். பஸ் ஸ்டாண்டு பக்கம் கிடந்தாராம். வீடே நாறியது.

ஜெபமணி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள்.

"ரெண்டு வருசமாத் தொடலையேடி இவன்?"

"பாதி பிளேன் கையில இருந்தா தொட மாட்டாக மதினி. முதல் பிளேன் முடிஞ்ச அன்னைக்கும் இப்படித்தான் வந்தாக. அடுத்தது முடிஞ்ச அன்னைக்கும் இப்படித்தான். அதான் இத முடிய விடாம அறுத்துக்கிட்டே இருந்தேன்."

"அன்னைக்கு நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேனே. அப்பவாச்சும் எங்கிட்ட சொல்லித் தொலைச்சா என்ன?"

ஷீபா புருசன் காலிலிருந்து செருப்பைக் கழற்றினாள்.

"எப்படிச் சொல்ல மதினி? போன அறுப்பின் பண்டிகையில நீங்க கோவில்ல மைக்கப் பிடிச்சு, என் ஜெபத்துலதான் தம்பி குடிய விட்டான்னு சாட்சி சொன்னீக. சபையே கை தட்டுச்சு. அத்தனை பேர் முன்னாடி சொன்ன உங்களப் பொய்யாக்க எனக்கு மனசு வரல."